சகினாலியும் இரண்டு கோக் கம்பிகளும்

"விண்ணப்பதாரர் சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களைப் பிரித்தறியும் திறனற்றவர். இரயில்வே சைகைப் பிரிவிலோ, மின்கம்பிகளைக் கையாளும் வேறெந்தப் பணியிலோ இவரை அமர்த்தலாகாது. பொது இயல்பு: பேச்சு குறைவு, மேலதிகாரி சொன்னதைச் சொன்னபடி செய்பவர்."

மூன்று மருத்துவர்கள் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்தி, 1985 மார்ச்சில் கொடுத்த இந்தச் சான்றிதழ், கோச்கோர் சந்தைக்குப் பின்னால் உள்ள சகினாலியின் வாகன மின் பட்டறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ருஷ்ய மொழி, தட்டச்சு, முத்திரை மூன்றும் ஒரே தாளில் இருந்தால் நம்மூரில் யாரும் அதைப் படிப்பதில்லை, மதித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அதை அவருடைய தகுதிச் சான்றிதழ் என்றே நம்பி வருகிறார்கள். அவரும் அவர்களைத் திருத்தியதில்லை.

சான்றிதழின் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வாக்கியத்தைக் கூட்டுப் பண்ணை கராஜின் மேற்பார்வையாளர் அந்த ஆண்டு மே மாதமே பொய்யாக்கிவிட்டார். வேலை கேட்டு வந்த இளைஞனுக்கு எலி கடித்த ஒரு லாரியைக் காட்டி, "இதை யாரும் தொட மாட்டேங்கறாங்க, நீ தொடு" என்றார். தாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வாக்கியத்தை யார் எழுதினார்கள் என்பது இன்றுவரை விளங்காத மர்மம். சகினாலி வாய் மூடியிருப்பது பற்களுக்கிடையில் கம்பியைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான். சொன்னதைச் சொன்னபடி செய்தார் என்று அவர் மனைவிகூட சாட்சி சொல்ல மாட்டாள்.

அந்த முதல் லாரியிலேயே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. முப்பது வருடம் ஓடிய வண்டியின் பானட்டைத் திறந்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே நிறம்தான்: எண்ணெயும் புழுதியும் கலந்த நிறம். நல்ல கண் உள்ளவர்கள் அதைச் சுரண்டி, அடியில் சிவப்பைக் கண்டு, சிவப்பு என்றால் இன்னதுதான் என்று முடிவு கட்டி, வண்டியைக் கொளுத்தினார்கள். முன்பு யாரோ கைக்குக் கிடைத்த கம்பியைப் போட்டு ஒட்டியிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சகினாலிக்குச் சுரண்டிப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு முனையையும் பல்பு வைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மறுமுனை எங்கே அசைகிறது என்று கவனித்தார். தெரிந்துகொண்டதை ஆட்டு ரோம நூலில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். எப்போதும் மின்சாரம் உள்ள கம்பிக்கு ஒரு முடிச்சு. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவதற்கு இரண்டு. பாதி உயிரோடு இருப்பதற்கு மூன்று. "கம்பிக்கு நிறம் கிடையாது. எங்கேருந்து வருது, எங்கே போகுது, அவ்வளவுதான் உண்டு" என்பது அவர் சித்தாந்தம். அதைக் கேட்காமல் யாரும் அந்தப் பட்டறையை விட்டு வெளியேறியதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு தாயிர் வந்து நின்றபோது, சகினாலி ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"உஸ்தா, நாளைக்கு எங்கப்பாவோட வருஷ நினைவு விருந்து. ஜும்கால்ல. முந்நூறு பேர் வராங்க. அப்பாவுக்கப்புறம் யாரும் எடுக்காத வண்டி, இப்ப செத்துக் கிடக்கு."

வேறு வண்டியில் போகலாமே என்று சகினாலி கேட்கவில்லை. கேட்டால் அவர் கோச்கோர்க்காரரே அல்ல. இறந்தவரின் குதிரை விருந்துக்கு வந்தாக வேண்டும். தாயிரின் அப்பா கோக்கும்பாயிடம் கடைசி ஐம்பது வருடமாகக் குதிரை கிடையாது. பானட்டில் மான் பொம்மை துள்ளும் வோல்கா கார் இருந்தது. ஆகவே குதிரைக்குப் பதில் வோல்கா வரும் என்று தாயிர் ஜும்காலுக்குச் சொல்லியனுப்பிவிட்டான். அது தன் சக்கரத்தில் வர வேண்டும். டிராக்டரில் கட்டி இழுத்து வந்தால், அந்தப் பள்ளத்தாக்கில் அவனை அடுத்த நாற்பது வருடத்துக்கு 'கயிற்றுக்காரன் தாயிர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்தக் காலத்துல விருந்தன்னைக்கு அந்தக் குதிரையை அறுத்துடுவாங்களே," என்றார் சகினாலி, பல்பையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டே. "காரை என்ன பண்ணப் போறீங்க?"

"முதல்ல போய்ச் சேரட்டும் உஸ்தா. மத்தியானத்துக்குள்ள கிளம்பணும். இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும். என் பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் அதுலதான் வராங்க."

வோல்கா தாயிர் வீட்டு முற்றத்தில் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதன் பக்கத்தில் தாயிரின் சித்தப்பா மகன் எர்கின் நின்றான். தலைநகர் பிஷ்கெக்கில் கணினிக் கடை வைத்திருப்பவன். பெரியப்பாவின் வண்டி விருந்துக்குப் பளபளவென்று போக வேண்டும் என்று புதன்கிழமை நான்கு கம்பிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் அறை முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்தவன் அவன்தான். உண்மையில் பளபளத்தது. கம்பிகளும் பளபளத்தன. எல்லாம் கறுப்பு.

"கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியா?" என்றார் சகினாலி.

"எடுத்தேன் உஸ்தா."

"முன்னாடியா?"

எர்கின் கைப்பேசியைப் பார்த்தான். "பெயின்ட் அடிச்சப்புறம். அப்பதான் அழகா இருந்துச்சு."

ஓட்டுநர் பக்கத் தகரச் சுவரின் ஓட்டையிலிருந்து நான்கு முனைகள் தொங்கின. எதிரே நான்கு இடங்கள் காலியாக இருந்தன: எஞ்சினுக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில், ஹாரன், பானட் விளக்கு, ரேடியேட்டர் கொதித்தால் எச்சரிக்கும் உணரி.

"நாலு கம்பி, நாலு இடம்," என்றான் எர்கின். கணக்கில் கெட்டிக்காரன். "இருபத்து நாலு விதமா மாட்டலாம்."

"இருபத்து மூணு தப்பு. நீ எத்தனை பார்த்தே?"

"ஒண்ணுதான்."

அந்த ஒன்றின் கதை இப்படி. கோக்கும்பாய் கைக்கடக்கமான ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தொண்ணூறுகளில் உதிரிப் பாகம் எதுவும் கிடைக்காத காலத்தில், மூடிப்போன தொலைபேசி நிலையத்தின் கம்பிகளைக் கொண்டு வந்து வண்டிக்கு முழுக்கப் புது நரம்பு போட்டவர் அவர். எந்தக் கம்பி எங்கே என்று அதில் எழுதியிருந்தார். எர்கின் அதைப் பார்த்துவிட்டு, நிறம் தெரியாமல் உத்தேசமாக ஒரு கம்பியைக் காயிலில் மாட்டினான். வண்டி கிளம்பவில்லை. பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்கு ஒரு துண்டுக் கம்பி கொடுத்தான். கிளம்பிவிட்டது.

"அப்புறம்?"

"ஹாரன் அடிச்சேன்."

"ஏன்?"

"சந்தோஷத்துல உஸ்தா! யாரா இருந்தாலும் அடிப்பாங்க. உடனே ஸ்டியரிங்லேருந்து புகை. பிடுங்கிப் போட்டுட்டேன்."

"எந்தக் கம்பியை?"

"அதுதான்..." என்று எர்கின் கறுப்பு முனைகளைப் பார்த்தான். அவை நான்கும் அவனைப் பார்த்தன.

சகினாலி பல்பின் ஒரு காலை வண்டியின் உடம்பில் கவ்வ வைத்து, மற்றதால் முனைகளைத் தொட்டார். முதல் முனையில், சாவி போடாமலேயே பல்பு பளிச்சென்று எரிந்தது. பானட் விளக்குக்குப் போவது; ஒரு முடிச்சு. தாயிரை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டாவது முனையில் பல்பு சோம்பலாக, பாதி உயிரோடு எரிந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து தாயிர் கத்தினான்: "உஸ்தா, டேஷ்போர்டுல ஒரு சிவப்பு விளக்கு லேசா எரியுது!"

"சிவப்பா? நீ சொன்னா சரி." ஒரே மின்சாரத்தை இரண்டு பல்புகள் பங்கு போட்டுக்கொண்டால் அது எச்சரிக்கைக் கம்பியாகத்தான் இருக்கும். மூன்று முடிச்சு.

மூன்றாவது முனை, ஒன்றுமில்லை. நான்காவது, அதுவும் ஒன்றுமில்லை. பல்பின் மறுகாலை பேட்டரியில் கவ்வ வைத்துப் பார்த்தார், ஹாரனை அழுத்தச் சொன்னார், ஒன்றுமில்லை. ஒன்று காயிலுக்கு, ஒன்று ஹாரனுக்கு. ஹாரன் கம்பி எர்கினின் சந்தோஷத்தில் உள்ளே எங்கோ எரிந்து அறுந்துவிட்டது. காயில் கம்பி ஏன் செத்திருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு பிணங்களில் எது யார் என்று பல்பு எப்படிச் சொல்லும்?

"நோட்டு என்ன சொல்லுது?"

தாயிர் படித்தான்: "'கோக், காயிலுக்கு.' அடுத்த வரி: 'கோக், ஹாரனுக்கு.'"

இதுதான் விஷயம். கோச்கோரில் நாம் பேசும் மொழியில் வானமும் கோக், புல்லும் கோக். நீலத்துக்கும் பச்சைக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஆயிரம் வருடமாகக் குதிரை மேய்த்திருக்கிறோம். ஒரு குதிரையும் தடுமாறி வானத்தை மேயவில்லை. எழுதிய மனிதருக்கு எது எந்தக் கோக் என்று தெரியும். தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்?

"மணி பத்தாகுது," என்றான் தாயிர். குரல் இறங்கியிருந்தது. "பேட்டரிலேருந்து நேராக் குடுத்து ஓட்டிட்டுப் போயிடறேனே உஸ்தா? ஹாரனைத் தொடாம?"

"போகலாம். ஓடும். ஆனா இந்த ரெண்டுல ஒண்ணு ஏன் செத்திருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாம செத்தது தெரியாம எழுந்திரிக்கும். கணவாய்க் குலுக்கல்ல எழுந்திரிச்சுதுன்னா, பெட்ரோல் பம்பு இங்கே ஒரு சாண் தூரத்துல இருக்கு. பின் சீட்டுல யாரு உட்காரப் போறாங்கன்னு சொன்னே?"

 டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டைத் தாயிர் ஒருமுறை பார்த்தான்.

அப்போது தாயிரின் மனைவி அனார்குல் தேநீரும் பொரித்த போர்சோக்கும் கொண்டு வந்தாள். சுட்ட மாவின் வாசனையில் எர்கின் கொஞ்சம் தெம்பானான்.

"கறுப்புத் தேநீரா அண்ணே, கசப்புத் தேநீரா?" என்று சகினாலியிடம் கேட்டாள்.

சகினாலி கிண்ணத்தை வாங்கப் போன கையை நிறுத்தினார். பச்சைத் தேநீரை ஊரே கோக் தேநீர் என்கிறது. இவள் கசப்புத் தேநீர் என்கிறாள். மாமனார் பெயர் கோக்கும்பாய். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் சொல்ல மாட்டாள். இருபத்தெட்டு வருடமாக இந்தப் பெண் 'கோக்' என்ற சொல் இல்லாமல் குடும்பம் நடத்தியிருக்கிறாள். வழியிலுள்ள கோக்கோமெரென் ஆறுகூட அவளுக்கு 'அந்தப் பெரிய தண்ணி'தான்.

"தங்கச்சி," என்றார். "பெரியவர் இந்தக் கம்பியெல்லாம் மாட்டறப்போ, ரிப்பேர் பண்றப்போ, யாரு விளக்கு பிடிச்சா?"

"நான்தான். இவரு அப்ப ருஷ்யாவுல வேலைல இருந்தாரு."

தாயிர் நோட்டை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ ஏன் சொல்லல?" என்றான் தாயிர்.

"யாரு கேட்டீங்க? நீங்க கேட்டீங்களா? இதோ நிக்கறானே கொழுந்தன், இவன் கேட்டான். நான் ரொட்டி சுட்டுட்டிருந்தேன். 'அண்ணி, அந்தக் கம்பிதானே காயிலுக்கு?'ன்னு இங்கேருந்து கத்தினான். நான் 'எது, வானமா, புல்லா?'ன்னு கேட்டேன்."

எர்கினின் வாயில் போர்சோக் நின்றது. "அது... மேய்ச்சலுக்கு மழை வருமான்னு கேக்கறீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"'வானம் நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்னே!"

"நல்லாத்தானே இருந்துச்சு!"

"'அப்ப அது கிடையாது, விடு'ன்னு கத்தினேன். நீ பாட்டு வச்சிட்டே. அப்புறம் வண்டி கிளம்பற சத்தம் கேட்டுச்சு. சரி, புல்லைத்தான் மாட்டியிருக்கான், கெட்டிக்காரன்னு நினைச்சேன். அப்புறம் புகை வந்துச்சு."

சகினாலி பெட்ரோலில் நனைத்த துணியை அவளிடமே கொடுத்தார். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் பெயின்ட் போகத் துடைத்தாள். ஒன்று நீலம் என்பது சகினாலிக்கே தெரிந்தது. நீலத்தில் அவருக்குக் குறையில்லை. மற்றது அவர் கண்ணுக்குக் காய்ந்த சாணி நிறத்தில் இருந்தது.

"இது வானத்தோடது. ஹாரன்," என்றாள் அனார்குல். "இது புல்லோடது. பெரியவர் இதை உசுர்க் கம்பின்னு சொல்வாரு."

ஊர் முழுக்க ஒரே சொல்லால் குழப்பிக்கொண்டிருந்ததை, அந்தச் சொல் தடை செய்யப்பட்ட ஒருத்தி மட்டும் வேறு வழியின்றித் துல்லியமாகச் சொல்லி வந்திருக்கிறாள். சகினாலிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை. உசுர்க் கம்பியில் உசுர் இல்லை. சாவியைத் திருப்பிப் பல்பை வைத்தார், இருட்டு.

"பார்த்தீங்களா," என்றான் எர்கின், யாரையும் குற்றம் சொல்லாத குரலில், ஆனால் சற்று ஆறுதலாக.

தாயிர் கீழே கிடந்த டயரில் உட்கார்ந்தான். "டிராக்டருக்குச் சொல்லிடறேன்."

"இரு, சொல்லாதே." சகினாலி பல்லிடுக்கில் வைத்திருந்த துண்டுக் கம்பியை எடுத்தார். "சாவி வேலை செய்யுது, டேஷ்போர்டு விளக்கு எரியுதே. கம்பி இங்கே முழுசா இருக்கு. நடுவுல யாரோ உட்கார்ந்திருக்காங்க. தொண்ணூறுகள்ல மாட்டின வண்டி. அப்ப ராத்திரி விட்டுட்டுப் போனா காலைல டயர்கூட இருக்காது. தங்கச்சி, பெரியவர் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாரு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"என்ன பண்ணுவாரு? கதவைச் சாத்துவாரு. தொப்பியைச் சரி பண்ணுவாரு. அப்புறம் தலை குனிஞ்சு தொழுவாரு. அப்புறம் சாவி."

"தொழுவாரா? கடவுளே இல்லைன்ன கட்சிக்குச் செயலாளரா இருந்த மனுஷன்!"

"அதைத்தான் ஊரே பேசுச்சே," என்றான் தாயிர். "வீட்டுல ஒருநாள்கூடத் தொழுததில்ல. வண்டில உட்கார்ந்தா மட்டும் நெத்தி ஸ்டியரிங்ல படற மாதிரி குனிவாரு. மௌலவிகூட அடக்கம் பண்றப்போ அதைச் சொல்லித்தான் பேசினாரு. 'வெளியே காட்டாத இறைநம்பிக்கை, ஈமான்'னு."

சகினாலி ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். இல்லாத தொப்பியைச் சரி செய்தார். பிறகு நெற்றி ஸ்டியரிங்கில் படும்படி, நிதானமாக, ஓய்வுபெற்ற கட்சிச் செயலாளரின் பக்தியோடு குனிந்தார். அப்படிக் குனிந்தால் இடது கை எங்கே போகும்? ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் போயிற்று. அங்கே விரலுக்கு வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. வீட்டுச் சுவரில் விளக்குக்கு வைக்கும் சாதாரண சுவிட்ச்.

அமுக்கினார். சாவியைத் திருப்பினார்.

"எரியுது!" என்று வெளியே அனார்குல் கத்தினாள். பல்பு அவள் கையில் இருந்தது. "அண்ணே, எரியுது! கண்ணு கூசற மாதிரி எரியுது!"

தாயிர் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. "அப்பா!" என்றான் வோல்காவைப் பார்த்து. "ஊரையே ஏமாத்திட்டீங்களே!"

"மௌலவிகிட்ட சொல்லணுமா?" என்றான் எர்கின்.

"வாயை மூடு," என்றாள் அனார்குல். "அவரு நாளைக்கும் விருந்துல அதையே பேசட்டும். நல்லாத்தானே பேசினாரு."

சகினாலி இருக்கையை விட்டு இறங்கும்போது தோள்கள் லேசாகியிருந்ததை உணர்ந்தார். பல் இடுக்கில் செம்பின் சுவை இருந்தது. ஆறிப்போன கசப்புத் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். அப்படி ஒரு தேநீரை அந்த வருடம் அவர் குடித்ததில்லை. எர்கின் பெயின்ட் டப்பாவை யாரும் கேட்காமலேயே கொண்டுபோய்க் கொட்டகையில் பூட்டினான். பெண்கள் இருவரும் உள்ளேயிருந்து துணி மூட்டைகளோடு ஓடி வந்தார்கள். "வண்டி வருமா, டிராக்டரா?" என்று பெரியவள் கேட்டாள். "வண்டி," என்றான் தாயிர், அந்த ஒரு சொல்லை வாயில் வைத்து ருசித்தபடி.

பானட் விளக்கையும் உணரியையும் அவற்றின் கம்பிகளோடு சேர்த்துவிட்டு, புல்லினுடையதில் இரண்டு முடிச்சுப் போட்டுக் காயிலில் மாட்டினார் சகினாலி. வானத்தினுடையதை நுனி மறைய டேப் சுற்றி ஓரமாகக் கட்டினார்.

"ஹாரன் இல்லாமலா?" என்றான் தாயிர்.

"நினைவு விருந்துக்குப் போறவன் எதுக்கு ஹாரன் அடிக்கறே? ஆடு குறுக்கே வந்தா ஜன்னலைத் திறந்து திட்டு. திரும்பி வந்ததும் கொண்டு வா, ஸ்டியரிங்கைப் பிரிச்சுப் பார்க்கறேன்."

தாயிர் இருக்கையில் உட்கார்ந்து, சற்றுக் கூச்சத்தோடு குனிந்து, நிமிர்ந்து, சாவியைத் திருப்பினான். வோல்கா ஒருமுறை இருமி, பிறகு ஓடியது. அனார்குல் துஆ முடிப்பதுபோல இரு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு மகள்களை உள்ளே தள்ளி ஏறிக்கொண்டாள்.

அன்று பதினொன்றேகால் மணிக்கு வண்டி கோச்கோரை விட்டுக் கிளம்பியது. கணவாயின் உச்சியில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதைத் தவிர வேறெங்கும் நிற்காமல், வெளிச்சம் இருக்கும்போதே ஜும்காலில் விருந்துக் கூடாரங்களின் முன்னால் தன் சக்கரத்தில் போய் நின்றது. சகினாலி நான்கு கம்பிகளை அடையாளம் கண்டார், மூன்றை அவற்றின் இடங்களில் மாட்டினார், ஒன்றை டேப் சுற்றிக் கட்டி வைத்தார்.